ஸ்ப்ளிண்டோடு மூன்று வருடம்

பைக்கில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற முடியவில்லை. லிவருக்கு அடியில் இடது பாதத்தைக் கொடுத்துத் தூக்கினால் பாதம் அசையவே இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இடது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடக்கும். செருப்பு பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினேன்! பல மாதமாக இருந்த இடுப்பு வலியும் கால் குடைச்சலும் அந்த வாரம்தான் குறைந்திருந்தன. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டது தப்பாகப் போயிற்று.

டாக்டர் குதிகாலால் நடக்கச் சொன்னார், முடியவில்லை. பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னார், அதுவும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியிருந்தால் உள்பக்கம் திரும்புமாம். நெடுநேரம் குத்தவைத்து உட்காருகிறவர்களுக்கும், மாவுக்கட்டு இறுக்கியவர்களுக்கும் அடிபடுவது அங்கேதான். எனக்குச் சிக்கல் முதுகுத்தண்டில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 என்ற நரம்பின் வேரில். ஆபரேஷனுக்குப் பிறகு வலி போனது, பாதம் மட்டும் முழுசாக எழவில்லை.

நடக்கும்போது காலை முன்னால் வீசுகிற நேரத்தில் விரலுக்கும் தரைக்கும் இடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது நம்பவில்லை. அவ்வளவையும் தூக்கிப் பிடிப்பது முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் இருக்கும் தசை. குதிகால் ஊன்றியதும் பாதத்தை மெதுவாக இறக்கிவைப்பதும் அதுவே. அது ஓய்ந்தால் முதல் வேலைக்குப் பதிலாக முட்டியை உயர்த்தி, சேற்று வயலில் நடப்பதுபோல நடக்க வேண்டும். இரண்டாவது வேலை போனதால் ஒவ்வொரு அடிக்கும் 'தப்' என்று சத்தம். மாடிப்படியில் நான் வருவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம் வந்தது ஏ.எஃப்.ஓ. ஸ்ப்ளிண்ட், பாதம் தொங்காமல் கணுக்காலோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்கும் பட்டை. கெண்டைக்காலின் பின்னால் இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் மடங்கும் வெள்ளை பிளாஸ்டிக். முதலில் கடையில் ரெடிமேடாக வாங்கினேன். சுண்டுவிரல் பக்கம் சிவந்து கொப்புளம் கட்டியது. பாதத்தின் மேல்பக்கம் எனக்கு மரத்த மாதிரி இருப்பதால் வலி தெரியாது, அதனால் தினமும் கழற்றியதும் தோலைப் பார்த்தே ஆக வேண்டும். அளவெடுத்துச் செய்தது வந்த பிறகுதான் நிம்மதி. முதல் நாளே தடுக்காமல் தெருமுனை வரை போனேன், தரையைப் பார்க்காமல்.

குறை இல்லாமல் இல்லை. சாக்ஸ் இல்லாமல் போட்டால் வியர்வையில் அரிக்கும். ஷூவின் இன்சோலை எடுத்தாலும் இடது பக்கம் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். இரண்டு ஜோடி வாங்கி இரண்டு ஒற்றைகளைச் சும்மா வைத்திருக்கிறேன். இறக்கத்தில் ஸ்ப்ளிண்ட் முட்டியை முன்னால் தள்ளும். எட்டு மாதத்தில் வெல்க்ரோ பிடிப்பு போனது. செருப்புத் தைக்கிற அண்ணன் புதுசு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

பெரிய தொல்லை, வாசலில் ஷூவைக் கழற்றுகிற நம் பழக்கம். வெறும் ஸ்ப்ளிண்டோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டவைத்தேன், வீட்டுக்கு அது போதும். கோயிலுக்குப் போனால் ஸ்ப்ளிண்டையும் கழற்றிவிட்டு, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு நிலைப்படி தாண்டுகிறேன்.

ஸ்ப்ளிண்ட் இருக்கிறதே என்று பயிற்சியை விட்டதில்லை. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்காவிட்டால் கெண்டைத்தசை இறுகிவிடும். இப்போது உட்கார்ந்தபடி பாதத்தைக் கொஞ்சம் தூக்க முடிகிறது, பத்துப் பதினைந்து தடவைக்குள் சோர்ந்துவிடும். பைக்கை விற்றுவிட்டு கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன்.