செயற்கைப் புல் வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு முற்றத்துக்கோ கடை வாசலுக்கோ செயற்கைப் புல் போட நினைத்திருப்பவர்கள் முற்பணம் கொடுக்க முன் இதை வாசியுங்கள். நான் பூக்கன்று வளர்த்து விற்பவன். வளவுகளுக்குப் புல் பதித்துக் கொடுப்பதும் என் தொழில்தான். அப்படி இருந்தும் ஏமாந்தேன். என் காசு மட்டும் போயிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். போனது ஒரு கிராமத்து முன்பள்ளிக்காகத் தாய்மார் சேர்த்த காசு.

அந்த முன்பள்ளி ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில் இருக்கிறது. முன்முற்றம் 30 அடிக்கு 20 அடி. செம்மண்ணும் சிறுகல்லும். ஓடி விழும் பிள்ளைகளின் முழங்காலில் காயம் ஆறுவதே இல்லை. கிணறு ஆடி மாதம் அடி தெரியும், வேலிக்குள் கட்டாக்காலி மாடு புகும். அதனால் உண்மையான புல் சரிவராது என்று முடிவெடுத்தார்கள். பெற்றோர் கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கொஞ்சம் என்று காசு சேர்ந்தது. ரீச்சர் என்னிடம் வந்து, "அண்ணா, நீங்களே பார்த்து நல்லதா வாங்கிப் போட்டுத் தாங்கோ, உங்களை நம்பித்தான் குடுக்கிறம்" என்றார். போன வருடம் மாசி மாதம் அது.

நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றைக் காட்டினார்கள். இப்போது நினைத்தாலும் அது நல்ல சாமான்தான். புல்லின் தாள் மினுங்கவில்லை. கரும்பச்சை, இளம்பச்சை, கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த பச்சை என்று மூன்று நிறம் கலந்திருந்தது. அடியில் காய்ந்த புல்லைப்போல மண்ணிறத்தில் சுருண்ட இழை. தாளின் நடுவில் நரம்புபோல ஒரு மடிப்பு, அமத்திவிட்டால் உடனே நிமிர்ந்தது. "தம்பி, இதுதானே வரும்?" என்று கேட்டேன். "இதே சாமான்தான் அண்ணை. 35 மில்லிமீற்றர். வெயிலுக்கு எட்டு வருசம் தாங்கும்" என்றார் கடைக்காரத் தம்பி. சதுர அடி 390 ரூபாய்ப்படி 2,34,000 ரூபாய். பாதியை அன்றே கொடுத்தேன். பற்றுச்சீட்டில் அவர் எழுதியது "செயற்கைப் புல் 600 சதுர அடி" என்ற ஒரே வரி. உயரம் இல்லை, ரகம் இல்லை, எட்டு வருடமும் இல்லை. மாதிரித் துண்டைக் கேட்டதற்கு, "கடைக்கு அது ஒன்றுதான் இருக்கு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் துண்டில் பாதியையாவது வெட்டி வாங்கியிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

பங்குனி நடுப்பகுதியில் லொறி வந்தது, பின்னேரம் ஐந்தரைக்கு. வேலைக்கு வந்த இரண்டு பெடியளும் இறங்கிய கையோடு விரிக்கத் தொடங்கினார்கள். விரித்ததும் எனக்கு முகம் மாறியது. புல் மினுங்கியது. ஒரே பச்சை. தொட்டால் சொரசொரத்தது. கடைக்கு எடுத்துக் கேட்டேன். "ரோலுக்குள்ள நசிஞ்சு கிடந்ததண்ணை, மணல் போட்டு நாலு நாள் வாரிவிடுங்கோ, எழும்பிவிடும்." நசிந்த தாள் எழும்பும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிறம் மூன்று நிறமாகாது. இருட்டிக்கொண்டு வந்தது, தாய்மார் தேத்தண்ணியோடு நின்றார்கள், மீதிக் காசையும் கொடுத்துவிட்டேன்.

விடியப் போய்ப் பார்த்தேன். கேற்றில் நின்று பார்த்தால் மூன்று பட்டை தெரிந்தது, நடுப்பட்டை வேறு நிறம். செயற்கைப் புல்லின் தாள் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். சாய்வு நம்மை நோக்கியிருந்தால் அடர்த்தியாகவும் கடும் பச்சையாகவும் தெரியும். மறுபக்கம் போனால் வெளிறி மினுங்கும். அதனால் எல்லா ரோலையும் ஒரே திசைக்கு, ஆட்கள் நின்று பார்க்கும் பக்கம் சாயும்படி விரிக்க வேண்டும். இவர்கள் நடுவிலுள்ளதை எதிர்த்திசைக்குச் சாயும்படி விரித்துவிட்டார்கள்.

அடுத்தது அளவு. இதில் பலர் மாட்டுப்படுவார்கள். விலை சதுர அடியில் சொல்கிறார்கள், ரோல் வருவது மீற்றரில். எங்களுக்கு வந்தது 2 மீற்றர் அகல ரோல். மூன்றை அடுக்கினால் 6 மீற்றர். 20 அடி என்பது 6 மீற்றரும் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றரும். அந்த நாலு அங்குலத்துக்கு ஒரு துண்டைக் குறுக்காக வெட்டிச் செருகியிருந்தார்கள். சுவரோரமாக ஒரு கோடு, வேறு நிறத்தில். பொருத்துகளின் அடியில் போடவேண்டிய இணைப்புப் பட்டி கிடையாது. கரையில் அங்கங்கே பசை மட்டும். முதல் கிழமையே ஒரு சின்னவனின் கால் அதற்குள் தடக்கியது.

பிறகு சித்திரை வெயில். முன்பள்ளி முடிவது பன்னிரண்டு மணிக்கு, ஆனால் பத்து மணிக்குப் பிறகே அதில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. நேர்வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டும் என்பது அளந்து கண்ட விடயம். உண்மையான புல் நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும், பிளாஸ்ரிக்கால் அது முடியாது. எந்த விலை கொடுத்து வாங்கினாலும் இந்தச் சூடு இருக்கும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நானும்தான். இந்தச் சாமான் பெயர் பெற்றதே 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், கூரை போட்ட ஒரு விளையாட்டரங்கில். வன்னியின் வெட்டவெளி முற்றம் அப்படிப்பட்டதல்ல. ஒரு பிள்ளை பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடியதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கு நாலு தரம் போனேன். முதல்முறை, "வெயில் பட்டுப் பட்டு நிறம் செட்டாகும்" என்றார்கள். இரண்டாம் முறை, "கொழும்பிலிருந்து ஆள் வருவார்." மூன்றாம் முறை முதலாளி இல்லை. நாலாம் முறை ஆனி கடைசி. அதற்குள் மூன்று மாதம் கடந்துவிட்டது. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்ற ஒவ்வொரு சொல்லும் அந்த மூன்று மாதத்திலிருந்து ஒரு துண்டைத் தின்றது. யாராவது உங்களைப் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள், ஆனால் முறைப்பாட்டை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பொறுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

ஆவணியில் தாளைக் கையால் உருவினால் பச்சைத் தூளாக வந்தது. சோளகக் காற்று அந்தத் தூளை வகுப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அலங்காரப் புல்லில் மேலே நிற்கும் தாள் பொலிஎதிலீனாக இருப்பது நல்லது. அடியில் சுருண்டிருப்பது பொலிபுரொப்பிலீனாக இருந்தால் பரவாயில்லை. மேல்தாளும் பொலிபுரொப்பிலீன் என்றால் விலை குறையும், விறைப்பாகவும் கரடாகவும் இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் கலவை சேர்க்காவிட்டால் அது சீக்கிரம் முறியும். எங்களுக்கு வந்தது அந்த மாதிரிச் சாமான்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஐப்பசி மழையோடு கதை முடிந்தது. முற்றம் குளமாகியது. பின்பக்கப் பூச்சில் தண்ணீர் போகும் துளைகள் ஒரு முழத்துக்கு ஒன்றுதான் இருந்தன. புல்லைத் தூக்கிப் பார்த்தால் கீழே சல்லி இல்லை, கல்தூள் இல்லை, சாய்வும் இல்லை. செம்மண்ணில் நேரே விரித்திருந்தார்கள். மேலே தூவிய மணலும் கழுவாத சேற்று மணல். இரண்டு கிழமையில் கோரை பொருத்துகளுக்குள்ளால் மேலே வந்துவிட்டது. வயல் செய்கிறவர்களுக்குக் கோரையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கழற்றி எடுத்த பிறகுதான் ஒரு துண்டை மேசையில் வைத்து ஒழுங்காகப் பார்த்தேன். விலை கொடுக்க முன் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஐந்து நிமிடம்கூட எடுக்காது. துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று கீறுங்கள். தாளை அடிப்பாயில் தைத்த வரிசைகள் தெரியும். குறுக்கே எத்தனை வரிசை, ஒரு வரிசையில் எத்தனை தையல் என்று எண்ணி, இரண்டையும் பெருக்கி, நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான தையல் எண்ணிக்கை வரும். பத்தரை வரிசையும் 16 தையலும் இருந்தால் 16,800. முற்றத்துக்குப் போதுமான அடர்த்தி அது. எங்களுடையதில் வரிசை அதேதான், தையல் 10. அதாவது 10,500. முன்பக்கத்தால் பார்த்தால் இந்த வித்தியாசம் புது ரோலில் தெரியாது, மிதிபட்ட பிறகுதான் கறுப்பு அடி வெளியே தெரியும்.

உயரத்தைத் தாளை மட்டும் நிமிர்த்தி அடிமட்டம் வைத்துப் பாருங்கள். எங்களுக்கு 25 மில்லிமீற்றர்தான் வந்தது. சில கடைகளில் அடிப்பாயின் தடிப்பையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பிறகு நிறை. மாதிரியிலும் வந்த ரோலிலும் ஒரே அளவுத் துண்டு வெட்டி ஒரு நகைக்கடைத் தராசில் வையுங்கள். இரண்டும் ஒரே நிறை இல்லையென்றால் ஒரே சாமான் இல்லை, அதற்கு மேல் வாதாடவே தேவையில்லை. ஒரு கொத்துத் தாளைப் பிடித்து இழுங்கள், வேரோடு வரக்கூடாது. ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள்.

உண்மையான புல்போலத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று. கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டாம். துண்டை வெளியே கொண்டுபோய், வேம்பின் கீழும் வெட்டவெளியிலும் மண்ணில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எங்கள் மண்ணில் ஆவணியில் அறுகம்புல்லே வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். அந்தச் செம்மண்ணின் நடுவில் கிளிப்பச்சை ஒன்றை விரித்தால் அது மேசைவிரிப்பாகத்தான் தெரியும். மங்கலான, கொஞ்சம் மண்ணிறம் கலந்த பச்சைதான் வன்னிக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். உயரமும் அப்படித்தான். நீளமான புல் படத்துக்கு அழகு, நாலு பேர் நடந்தால் படுத்துவிடும். ஆட்கள் புழங்கும் இடத்துக்கு 30 மில்லிமீற்றர் அளவு காணும். விறாந்தை, மரநிழல், கடை வாசல் என்றால் போடுங்கள். பிள்ளைகள் விளையாடும் வெட்டவெளிக்கு நான் இனி யார் கேட்டாலும் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

முன்பள்ளிக்குக் காசின் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மீதியை மாதம் மாதம் கொடுக்கிறேன். ரீச்சர் வேண்டாம் என்றுதான் சொன்னார். கார்த்திகை மழையோடு அதே முற்றத்தில் எருமைப்புல் நட்டோம். தாய்மார் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வேலியை நான் அடைத்துக் கொடுத்தேன். ஆடி வரும்போது கிணறு என்ன சொல்லும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்காகக் கைகழுவும் தண்ணீரைப் புல்லுக்குப் போகும்படி ஒரு குழாய் இழுத்திருக்கிறோம்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, அதைச் சொல்லும் இடத்தில் சொல்வேன். கழற்றிய மூன்று ரோலும் முன்பள்ளியின் பின்சுவரோடு சாத்திக் கிடக்கின்றன. அதில் வெட்டிய துண்டு, கீறிய சதுரம், எண்ணிய கணக்கு எல்லாம் என்னிடம் உண்டு. புல் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் தந்த மாதிரியோடு என் பூக்கன்றுக் கடைக்கு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்ப்போம்.