கருவாடு விற்கத் தொடங்குவோருக்கு வாட்ஸ்அப்பா, இன்ஸ்டாகிராமா?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் கருவாடும் பனையோலைக் கூடைகளும் விற்கும் பெண்கள் முதன்முதலாகச் சமூக ஊடகத்தில் இறங்கும்போது, வாட்ஸ்அப் பிசினஸ் (வணிகர்களுக்கான தனி வாட்ஸ்அப் செயலி), இன்ஸ்டாகிராம் ஆகிய இரண்டில் முதலாவதையே நான் பரிந்துரைப்பேன். தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்கள் குரல் பதிவிலேயே விலையையும் எடையையும் சொல்லிவிடலாம் என்பதும், நெத்திலி, வாளை, சீலா எனப் படமும் விலையுமாகப் பட்டியலிட்டு வைக்கலாம் என்பதும் இதன் பெரும் வசதிகள். ஒரே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் சேர்ந்து இயங்கா என்பதால், குடும்ப எண்ணை விட்டுத் தனி எண்ணில் தொடங்குவது நல்லது. அன்றே 6 இலக்க ரகசிய எண் கொண்ட இருபடிச் சரிபார்ப்பையும் அமைத்துவிட வேண்டும். ஓடிபியை, கேட்பவர் யாராக இருந்தாலும், சொல்லவே கூடாது.

ஆனால் நம் எண்ணை அறியாதவர்களை வாட்ஸ்அப் எட்டாது. ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ராமேசுவரம் வந்து திரும்பிய யாத்திரிகரோ, மதுரையில் இருக்கும் அறிமுகமற்றவரோ நம் பொருளைக் காண இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் எனும் குறுங்காணொளிகளே ஏற்ற வழி. அதற்குக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டியிருப்பதால், பிள்ளைகளின் முகமும் வீட்டு அடையாளமும் தெரியாமல், காயும் கருவாட்டையும் கூடை முடையும் விரல்களையும் மட்டும் படமெடுக்கலாம். வாட்ஸ்அப் கைக்குப் பழகிய பிறகு இதைத் தொடங்கி, சுயவிவரத்தில் வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுத்துவிட்டால், விசாரிப்பவர்கள் நேரே நம் விலைப் பட்டியலுக்கே வந்து சேர்வார்கள்.