தயார் படையா, பாகம் பூட்டும் படையா?

விண்வெளிப் போர் விளையாட்டுக்குப் படை விதி எழுதுபவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு, படைகளைத் தயாராகவே தந்தது. 1999-இல் வந்த இன்னொரு கணினி விளையாட்டான ஆல்ஃபா சென்டாரி, அடிச்சட்டம், ஆயுதம், கவசம், ஆற்றல் உலை என்று பாகங்களைத் தந்து நம்மையே பூட்டச் சொன்னது.

சமநிலை
தயார்: ஒவ்வொரு படையையும் தனியாகச் சரிசெய்யலாம். ஸ்டார்கிராஃப்டில் வல்ச்சர் வண்டி தரும் 20 புள்ளி சேதம், சிறிய எதிரிக்கு முழுசாக விழும், நடுத்தரத்துக்குப் பாதி, பெரியதுக்குக் கால் பங்கு. யாரை யாரோடு மோதவிடுவது என்ற கேள்வியை இந்த ஒரு விதியே உயிரோடு வைத்திருக்கிறது. அருமையான விதி.
பூட்டுவது: பூட்டிய படையின் விலையைச் சூத்திரம்தான் போடும். அது கொஞ்சம் பிசகினால் எல்லோரும் ஒரே மலிவான சேர்க்கையைத்தான் கட்டுவார்கள். புதுப் பாகத்தோடு வரும் முதல் படைக்கு ஆல்ஃபா சென்டாரி கூடுதல் செலவு வைத்தது, நல்ல கடிவாளம்.

அடையாளம்
தயார்: உருவத்தைப் பார்த்ததும் பலம் தெரியும்.
பூட்டுவது: எண்களைப் படித்தால்தான் தெரியும்.

நிகழ்நேரப் போட்டி ஆட்டம் என்றால் தயார் படைதான் சரி. மாறி மாறி ஆடும் நீண்ட ஆட்டத்தில், ஆராய்ச்சியில் கிடைத்ததை உடனே களத்தில் பார்க்கும் மகிழ்ச்சி வேண்டுமென்றால் பாகங்கள். அப்புறம், மேசை விளையாட்டில் கணக்கெல்லாம் கையால்தான். அங்கே தயார் படையோடு, படைக்கு ஒரே ஒரு மாற்று ஆயுதம் மட்டும் கொடுங்கள்.