தண்ணீருக்கு ஐந்து நட்சத்திரம், நிர்வாகத்துக்கு ஒன்று: அழகர்மலை அடிவார நீச்சல் கிணறு

அழகர்மலை அடிவாரத்தில், தோப்புக்குள் இருக்கிற பழைய கமலைக் கிணறு ஒன்றைத் தூர்வாரி, மணிக்கு 150 ரூபாய் டிக்கெட் போட்டு விட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் நீச்சல் அடிக்கிறவர்களுக்குத் தெரியும். தண்ணீர் அருமை. பாறை வெடிப்பில் இருந்து வருகிற ஊற்று, சித்திரை வெயிலிலும் இறங்கியதும் உடம்பு சிலிர்க்கும், காலையில் ஆள் இறங்குவதற்கு முன்னால் எட்டிப் பார்த்தால் கடைசிப் படி வரைக்கும் தெரியும்.

எங்கள் கோபமெல்லாம் நடத்துகிற விதத்தில்தான். நாங்கள் கிணற்றில் முங்கியே வளர்ந்தவர்கள். இதன் வடக்குச் சுவரில் பாறைக்கு அடியில் ஒரு குடைவு இருக்கிறது. உள்ளே போய்விட்டால் தலைக்கு மேல் பாறை, நேராக மேலே வர வழியில்லை, போன வழியாகவேதான் திரும்ப வேண்டும், சேறு கலங்கிவிட்டால் வாசலே தெரியாது. அதற்கு ஒரு கம்பி கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. சுவரில் 'ஆழம் 30 அடி' என்று பெயின்டில் எழுதியதோடு சரி. கள்ளந்திரிப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் ஓடுகிறபோது கிணற்று மட்டம் ஏறும், அடைத்தால் இறங்கிவிடும். இறங்குகிற மாதங்களில் அந்தக் குடைவு சின்னப் பையனுக்கே எட்டுகிற ஆழத்துக்கு வந்துவிடுகிறது.

ஆனால் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அதைப் போட்டுக்கொண்டு முங்கவே முடியாது என்றால், "ரூல்ஸ் சார்" என்கிறார் காவலுக்கு நிற்கிற தம்பி. பக்கத்திலேயே பையன்கள் வாரை இறுக்காமல் மேலே இருந்து குதிக்கிறார்கள், ஜாக்கெட் எகிறித் தாடையில் இடிக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை. இன்னும் மோசம், படியைப் பிடித்துக்கொண்டு யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி, அந்தத் தம்பியே செல்போனில் நேரம் பார்த்துச் சொல்கிறார். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்கினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும், மூச்சு முட்டுகிற உணர்வே வராமல், ஆக்சிஜன் குறைந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். காவலுக்கு நிற்கிறவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊற்று, அதுவும் தனியார் இடம்தான், குடும்பமாகக் குளிக்கவும் வருகிறார்கள், சிலிண்டர் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் இருக்கிற குகைக்குள் போகிற டைவர்களும் வருகிறார்கள். அங்கே ஒரு குகையில் ஓரளவுக்கு மேல் போக முடியாதபடி இரும்புக் கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள். இன்னொரு குகைப் பக்கம், அதற்கான பயிற்சி இல்லாதவர் டார்ச்சே கொண்டுபோகக் கூடாது, வெளிச்சம் இருந்தால்தானே உள்ளே போகத் தோன்றும். பயிற்சி எடுத்தவர்கள் திரும்பி வர வழி தெரிய வழிநெடுகக் கயிறு கட்டிக்கொண்டே போய், மூன்றில் ஒரு பங்கு காற்று தீர்ந்ததும் திரும்புகிறார்கள். ஆபத்தை அது இருக்கிற இடத்திலேயே மறிக்கிறார்கள், தெரிந்தவனைத் தடுப்பதில்லை.

இங்கே செய்ய வேண்டியது அவ்வளவு பெரிய வேலையும் இல்லை. குடைவு வாயில் ஒரு கம்பி வலை, மேலூரில் எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள். குறுக்கே ஒரு கயிறு. அப்புறம் கூட்டம் வருவதற்கு முன்னால், காலை ஆறிலிருந்து எட்டு வரை முங்குகிறவர்களுக்கென்று நேரம், அதற்குக் கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்கத் தயார். சொன்னோம், "முதலாளிகிட்ட சொல்றேன்" என்றார்கள், இன்றுவரை ஒன்றும் நடக்கவில்லை.

ஷாம்பு போட்டுக் குளிக்கிறதையும் நிறுத்த வேண்டும், நுரை சாயங்காலம் வரை மிதக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள், முக்கியமாகக் கால்வாய் அடைத்திருக்கிற மாதங்களில், வடக்குச் சுவர்ப் பக்கம் அவர்களை விடாதீர்கள்.