‘நானும் வருகிறேன்’ என்று சொல்ல வைத்த சீட்டு: ஜேர்மனியின் மாணவர் பயணச்சீட்டில் ஓராண்டு

கோடை விடுமுறைக்காக, இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஊரான ஹட்டனுக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இது 2025 செப்டெம்பர். எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் ஜேர்மன் மொழி படிக்கும் தம்பி தங்கையர் பின்னேரங்களில் வீடு தேடி வந்து விசாவைப் பற்றியும், வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய 11,904 யூரோவைப் பற்றியும், குளிரைப் பற்றியும் கேட்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு யாரோடு பழகுவது, விடுமுறை நாட்களில் எங்கே போவது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் போகும் முன் அதைக் கேட்டதில்லை. ஆனால் அந்த முதல் வருடத்தில் என்னைத் தாங்கியது எது என்று கேட்டால், படிப்புக்கு அடுத்தபடியாக என் கைபேசியில் இருந்த ஒரு பயணச்சீட்டைத்தான் சொல்வேன். ஆகவே அதைப் பற்றி, அதன் குறைகளையும் சேர்த்து, விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

அதன் பெயர் டொய்ச்லாண்ட் செமஸ்டர்டிக்கெட். ஜேர்மனியில் 2023 மே 1 முதல் டொய்ச்லாண்ட் டிக்கெட் என்றொரு மாதச் சீட்டு நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் 49 யூரோவாக இருந்த அதன் விலை 2025 ஜனவரியில் 58 யூரோ ஆனது. அதை வைத்திருப்பவர் நாட்டின் எந்த நகரத்திலும் பஸ், டிராம், நிலக்கீழ் ரயில் ஆகியவற்றிலும், ஊருக்கு ஊர் நின்று செல்லும் பிராந்திய ரயில்களின் இரண்டாம் வகுப்பிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். 2024 கோடைப் பருவத்திலிருந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதே சீட்டு அறுபது வீத விலைக்குக் கிடைக்கிறது. தனியாகப் போய் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவமும் கட்டும் மாணவர் கட்டணத்திலேயே அது அடங்கிவிடுகிறது. நான் சேர்ந்த 2024 குளிர்காலப் பருவத்தில் ஆறு மாதத்துக்கு 176.40 யூரோவும், அடுத்த கோடைப் பருவத்தில் 208.80 யூரோவும் கட்டினேன். பயணம் செய்பவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா மாணவர்களும் கட்ட வேண்டும் என்பதால்தான் இந்த விலை சாத்தியமாகிறது.

அந்தக் கோடைப் பருவக் கணக்கில் மாதத்துக்கு 34.80 யூரோ என்பது நம் பணத்தில் ஏறத்தாழ 12,000 ரூபா. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், அம்மா மலையில் ஒன்பது நாள் முழுப்பேர் (முழு நாள் வேலை) போட்டால்தான் அந்தத் தொகை கைக்கு வரும். இந்தக் கணக்கு என் மனத்தை விட்டு ஒரு நாளும் போனதில்லை. எனவே மலிவு என்ற சொல்லை இங்கே எளிதாக எழுத மாட்டேன். ஆனாலும் பகுதிநேர வேலை செய்து அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவழிக்கும் மாணவருக்கு, அந்தப் பணத்துக்கு இதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரும் வேறொன்றை நான் பார்க்கவில்லை.

பாடசாலைக் காலத்தில் சுற்றுலா என்று அறிவித்தால் பெயர் கொடுப்பதற்கு முன் பஸ் காசைக் கணக்குப் பார்த்து வளர்ந்தவள் நான். ‘அன்றைக்கு வீட்டில் வேலை இருக்கிறது’ என்று ஆசிரியையிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. டோர்ட்முண்ட் நகரத்துக்குப் போன முதல் வாரங்களிலும் அதே பழக்கம் கூடவே வந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருக்கள் அடங்கிக் கிடக்கும். மாணவர் விடுதி அறையில் சன்னலோரம் உட்கார்ந்து, வீட்டில் இந்நேரம் சந்தைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நேரத்தைக் கழிப்பேன். ஒக்டோபர் பாதியில் ஒரு ஞாயிறு காலை, பொதுச் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது, கொலம்பிய நாட்டு மாணவி ஒருத்தி கோல்ன் பேராலயத்தைப் பார்க்கப் போகிறோம், வருகிறாயா என்று கேட்டாள். எவ்வளவு செலவாகும் என்று கேட்க வாய் திறந்தேன். அவளோ என் கைபேசியைக் காட்டி, சீட்டுத்தான் உன்னிடம் ஏற்கனவே இருக்கிறதே என்றாள்.

ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். நிலையத்தின் வாசலைத் தாண்டியதும் 157 மீற்றர் உயரக் கோபுரங்கள் எதிரே நிற்கின்றன. கோபுரத்தின் 533 படிகளையும் நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். கொழுந்துக்கூடையோடு ஏறுகிறவர்களின் மகள் என்பதால் மூச்சு வாங்காமல் முதலாவதாக நான்தான் உச்சியை எட்டினேன். மற்றவர்கள் வந்து சேரும்வரை கீழே ரைன் ஆற்றின் பாலத்தில் ரயில்கள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடுதியில் என் பெயரை எல்லோரும் சரியாக உச்சரிக்கத் தொடங்கியது அந்த நாளுக்குப் பிறகுதான்.

இந்தச் சீட்டைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத நன்மை அதுவே. எல்லா மாணவர்களின் கையிலும் அது இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் வித்தியாசம் இல்லை. யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரும் நாணிக்கொண்டு விலக வேண்டியதும் இல்லை. ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து டப்பாவில் போட்டுக்கொண்டால் ஒரு நாள் பயணத்துக்கு வேறு செலவே கிடையாது.

போன இடங்களில் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது கோப்லென்ஸ் நகரத்துக்கும் பிங்கன் நகரத்துக்கும் இடையே, ரைன் ஆறு மலைகளுக்குள் வளைந்து செல்லும் 65 கிலோமீற்றர் பள்ளத்தாக்கு. 2002 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இங்கே சாதாரண ரயிலில் போவது ஒரு வரம்: ஆற்றை ஒட்டிய பாதையில் பொப்பார்ட், சங்த் கோவார், பாக்கராக் என்று ஒவ்வொரு சிற்றூரிலும் நிற்கும், விரும்பிய இடத்தில் இறங்கி அடுத்த ரயிலில் தொடரலாம். ஆற்றின் இருபுறமும் செங்குத்தான சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக ஏறி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தபோது கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே ரயில் சன்னலில் தெரியும் தேயிலை மலைகள் அப்படியே கண்ணில் வந்தன. நண்பர்கள் கோட்டைகளைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, நான் அந்தச் சரிவில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்களோ, அவர்களுக்கு அன்றைய நாளுக்கு என்ன கொடுப்பார்களோ என்ற கேள்வி எழுந்தது. மலைச் சரிவை அழகு என்று மட்டும் பார்க்க நம்மால் முடிவதில்லை. அதை நண்பர்களிடம் விளக்கிச் சொல்ல அந்த ரயில் பயணத்தில் நேரமும் இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது ஹம் நகரம். டோர்ட்முண்டிலிருந்து அரை மணிக்கும் குறைவான தூரம். அங்கிருந்து பஸ் பிடித்து உவென்ட்ரோப் என்ற தொழிற்பேட்டைப் பகுதிக்குப் போனால், ஆலைகளுக்கு நடுவே ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் கோபுரம் எழுந்து நிற்கிறது. 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட கோவில் அது. கோடையின் தொடக்கத்தில் வரும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். இருந்து இருந்து கேட்ட நாதஸ்வரமும், கற்பூர வாசனையும், காவடிகளும் என்னை அழ வைத்துவிட்டன. அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் தேரைக் காட்டியபோது, ‘கொஞ்சம் கிட்டப் போயிக் காட்டு ஆயி, சாமி மொகம் தெரியல’ என்றார். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘பிள்ளை எவ்விடம்?’ என்று கேட்டார். ‘ஹட்டன், அன்ரி’ என்றேன். தாம் அகதியாக வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது என்றும், சிறு வயதில் ஒரே ஒரு முறை நுவரெலியா பார்த்ததாகவும் சொன்னவர், அன்று மாலையே வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டார். அதன் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது. அந்தப் போக்குவரத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தால் இரண்டாம் மாதத்திலேயே விட்டிருப்பேன் என்பது உறுதி.

கறுப்புக்காட்டு மலைகளுக்கும் ஒரு நீண்ட வார இறுதியில் போனோம். ஃப்ரைபுர்கிலிருந்து டிட்டிசே ஏரிக்கு ஏறும் பாதை உண்மையிலேயே செங்குத்தானது. அதற்கு அப்பால் உள்ள ஃபெல்ட்பெர்க் பேரென்டால்தான் ஜேர்மன் தேசிய ரயில்வேயின் வழமையான அகலம் கொண்ட பாதைகளில் மிக உயரமான நிலையம் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். அதன் உயரம் 967 மீற்றர். எங்கள் ஹட்டன் நிலையம் ஏறத்தாழ 1,260 மீற்றரில் இருக்கிறது என்றும், பட்டிப்பொலையில் பாதை 1,890 மீற்றரையும் எட்டுகிறது என்றும், அந்தப் பாதை 1924 இல் பதுளைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் நான் சொன்னபோது நண்பர்கள் நம்பாமல் கைபேசியில் தேடினார்கள். நம் ஊர்ப் பாதையின் அருமையை நானும் அங்கே போய்த்தான் உணர்ந்தேன்.

இனிக் குறைகள். முதலாவது வேகம். ஐ.சி.இ. போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் இந்தச் சீட்டு செல்லாது. டோர்ட்முண்டிலிருந்து ஹம்பேர்க்குக்கு விரைவு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போகலாம். நமக்கோ முன்ஸ்டர், ஒஸ்னாபுரூக், பிறேமன் என்று மாறி மாறி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஃப்ரைபுர்க் போன நாள் விடியற்காலை ஏறி மாலையில் இறங்கினோம். அத்தனை மாற்றங்களில் ஒன்று தாமதமானாலும் மற்றவை சரிந்துவிடும். பெப்ரவரியில் ஒரு இரவு, நாங்கள் வந்த ரயில் நாற்பது நிமிடம் பிந்தியதால் சிறு சந்தி நிலையமொன்றில் கடைசி இணைப்பைத் தவறவிட்டோம். காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. பூச்சியத்துக்குக் கீழான குளிரில் நான்கு பெண்கள் ஒரு பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, அடுத்த ரயில் வரும்வரை இரண்டரை மணி நேரம் விழித்திருந்தோம். அச்சமாகத்தான் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. அன்றிலிருந்து கடைசி ரயிலுக்கு முந்திய ரயிலையே கடைசி ரயிலாகக் கொள்வது என் வழக்கம். தனியாகப் பயணம் செய்யும் பெண்பிள்ளைகள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, சீட்டு கைபேசியில் இருக்கிறது என்பது. பற்றரி தீர்ந்து திரை அணைந்திருந்தால் பரிசோதகரின் கணக்கில் உங்களிடம் சீட்டு இல்லை. சீட்டின்றிப் பயணம் செய்தால் அபராதம் 60 யூரோ. சீட்டு உங்கள் பெயருக்கு உரியது என்பதால் படத்துடன் கூடிய அடையாள அட்டையும் கேட்பார்கள். அவசரத்துக்கென்று தோழியிடம் கொடுக்கவும் முடியாது. பவர் பேங்க் ஒன்றை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

மூன்றாவது என் சொந்தத் தவறு. பருவம் ஒக்டோபர் 1 இல் தொடங்கும். நான் செப்டெம்பரிலேயே போய் இறங்கினேன். இடைப்பட்ட மாதத்துக்குப் பொதுமக்களுக்கான சாதாரண டொய்ச்லாண்ட் டிக்கெட்டை 49 யூரோ கொடுத்து வாங்கினேன். அது ஒரு மாதச் சீட்டு என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது தொடர் சந்தா. அந்த மாதம் 10 ஆம் திகதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து போய்விடும். மாணவர் சீட்டு கையில் இருக்கும்போதே ஒக்டோபருக்கும் 49 யூரோ போனது. அந்த மாதம் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழக உணவகத்தின் பக்கமே போகவில்லை. முன்கூட்டியே போகிறவர்கள் சந்தாவை எடுத்த அன்றே நிறுத்தக் கோரிக்கையையும் அனுப்பிவிடுங்கள். எடுத்த மாதம் முடியும்வரை சீட்டு செல்லும்.

தாதியர் பயிற்சி போன்ற அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சிப் படிப்புகளுக்குப் போகத் தயாராகிற தங்கைகள் இதை வாசித்துவிட்டு ஏமாறக் கூடாது. செமஸ்டர்டிக்கெட் பல்கலைக்கழகத்தில் பதிந்த மாணவருக்கு மட்டுமே உரியது. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அது இல்லை என்பதால் விண்ணப்பிக்கும்போதே மாணவர் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் போகிறவர்கள், வேலை கொடுப்பவர் பயணச்சீட்டுக்கு உதவுவாரா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விசாரிப்பது நல்லது.

வரும் குளிர்காலப் பருவத்துக்கான கட்டணத்தைப் போன கிழமை செலுத்திவிட்டேன். புதிய சீட்டு ஒக்டோபர் 1 இல் கைபேசியில் திறக்கும். நெதர்லாந்து எல்லைக்குள் இருக்கும் வென்லோ நிலையம்வரை இந்தச் சீட்டிலேயே போகலாம் என்று கொலம்பியத் தோழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். முதல் சனிக்கிழமை அங்கே போவதாக ஏற்பாடு. ஹம்மில் இருக்கும் அன்ரியும் தமக்கான சீட்டை எடுத்துக்கொண்டு கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக அம்மா அரைக் கிலோ தேயிலைத்தூள் கட்டி வைத்திருக்கிறார்.