ஒன்பது பின் வயருக்குப் போன 25,000 ரூபாய்

தராசையோ பில் அச்சிடும் கருவியையோ கணினியோடு இணைத்துத் தர யாழ்ப்பாண நகரத்தில் ஆள் தேடுகிறவர்கள், காசைக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்.

சுன்னாகத்தில் வெங்காயம் மொத்தமாக வாங்கி விற்கிறேன். எடை நேரே கணினியில் பதிந்தால் தோட்டக்காரருக்கும் எனக்கும் கணக்கில் பிணக்கு வராது. அதற்காகவே தராசையும் கணினியையும் நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். இரண்டிலும் ஒன்பது பின் (ஊசி போன்ற முனை) உள்ள ஆர்எஸ்-232 இணைப்பு, அதாவது கருவிகள் வயர் வழியாகத் தரவு பரிமாறும் பழைய வகை இணைப்பு, இருக்கிறது. "இதற்குக் கொம்பனி வயர்தான் சரிவரும், அண்ணை" என்று சொல்லி 6,500 ரூபாய்க்கு ஒரு வயரைத் தந்தார்கள். கொழுவிப் பார்த்தால் திரையில் ஓர் எண்கூட வரவில்லை. தராசின் போட் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) எரிந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் தராசை வைத்திருந்து, போட் மாற்றியதாக 18,500 ரூபாய் வாங்கினார்கள். வெங்காயம் குவிகிற நேரம். இரவல் தராசோடு அல்லாடிக்கொண்டிருந்த நான், கடையில் இயக்கிப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். வீட்டிலும் எண் வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "கணினி பழசு, புதிதாக ஒன்று எடுங்கள்" என்றார்கள்.

என் தங்கையின் மகன் மின்னணுவியல் படிக்கிறான். வந்தவன் முதலில் வயரின் ஒரு முனையைக் கணினியில் கொழுவி, மறுமுனையில் 2ஆம், 3ஆம் துளைகளைச் சிறு கம்பியால் இணைத்தான். விசைப்பலகையில் தட்டிய எழுத்துகள் திரும்பித் திரையில் வந்தன. கணினியில் பழுதில்லை. பிறகு மல்டிமீற்றரால் தராசின் 3ஆம் பின்னுக்கும் 5க்கும் இடையில் அளந்தான்: மைனஸ் 9 வோல்ற். "மாமா, இது உயிரோடுதான் இருக்கிறது" என்றான். தராசு 3ஆம் பின்னில் அனுப்புகிறது என்பதுதான் அதன் பொருள். கணினியும் 3இல்தான் அனுப்புகிறது, 2இல்தான் வாங்குகிறது. அவர்கள் தந்ததோ 2ஐ 2க்கும் 3ஐ 3க்கும் இணைக்கும் நேர் வயர். இரண்டு வாய்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேச, இரண்டு காதுகளும் வெறுமனே காத்திருந்தன. ஒரு முனையை வெட்டிப் புதுத் தலை வைத்து 2ஐயும் 3ஐயும் மாற்றிப் பற்றவைத்தான். தரைக்கம்பியான 5ஐத் தொடவில்லை. தரவு போகும் வேகம் ஏற்கனவே இரு பக்கமும் நொடிக்கு 9600 பிட்தான். அடுத்த நிமிடம் எடை திரையில் விழுந்தது.

தெரியாமல் செய்த பிழையென்றால் பொறுத்திருப்பேன். ஆனால் தராசின் அடிப்பக்கத்தில் இருக்கும் முத்திரை உடையவே இல்லை. அதை உடைக்காமல் மூடியைத் திறக்க முடியாது. மாற்றாத போட்டுக்குத்தான் 18,500 ரூபாய்!

வயர் வாங்கினால் எந்தப் பின் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். கழற்றிய பழைய போட்டைக் கையில் வாங்குங்கள், முத்திரையைப் பாருங்கள், திரையில் எடை வந்த பிறகு பணத்தை எடுங்கள். சிறிய 3.3 வோல்ற் போட்டுகள் வைத்து வேலை செய்யும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் ஆர்எஸ்-232ஐ நேரே கொடுத்தால் உண்மையாகவே எரிந்துபோகும்.

என் பற்றுச்சீட்டில் "திருத்தக் கூலி" என்று மட்டுமே இருக்கிறது. அதையும் முத்திரையின் படத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன்.