பிரேக்கரா, ஜா கட்டரா? பழைய அடுக்ககத்தை இடிக்க எதை மாட்டுவது

சென்னையில் 1980களில் கட்டிய மூன்று மாடி அடுக்ககங்கள் இப்போது தெருவுக்குத் தெரு இடிபடுகின்றன. லிஃப்ட் கிடையாது, கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு உதிர்கிறது, வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி, புதிதாகக் கட்டக் கொடுத்துவிடுகிறார்கள். இடிக்க எடுத்தவர் 20 டன் பொக்லைன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஹிட்டாச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லும் செயின் வண்டிதான். மணிக்கு என்ன வாடகை என்று எல்லோரும் கேட்கிறோம். அதன் கை நுனியில் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுமா, கேஸ் கட்டரோடு ஒரு தொழிலாளி தொங்கும் கான்கிரீட்டுக்கு அடியில் போய் நிற்க வேண்டிவருமா என்பதெல்லாம் அந்த நுனியைப் பொறுத்தது.

பெரும்பாலும் வருவது பிரேக்கர். எங்கும் கிடைக்கும், எந்த ஆபரேட்டருக்கும் பழக்கம். உள்ளே நைட்ரஜன் வாயுவும் ஹைட்ராலிக் எண்ணெயும் சேர்ந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் உளியின் தலையில் அடிக்கிறது. 20 டன் வண்டியில் மாட்டும் பிரேக்கருக்கு உளியின் விட்டம் சுமார் 135 முதல் 140 மி.மீ. அடி பலமானதுதான், ஆனால் அந்த அடி வேலை செய்ய எதிரில் உள்ள பொருள் அசையாமல் நிற்க வேண்டும். மண்ணில் பதிந்திருக்கும் அஸ்திவாரம், பைல் கேப் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் கட்டை), தரைத்தளக் கான்கிரீட் எல்லாம் அப்படி நிற்பவை. அவற்றுக்குப் பிரேக்கரை மிஞ்ச ஒன்றும் இல்லை.

மாடித் தளத்தில் கதை வேறு. 100, 125 மி.மீ. தடிமன் உள்ள தளம் அடியை வாங்கிக்கொண்டு கட்டிலில் விரித்த பலகைபோல் அதிரும். அடியின் பலத்தில் ஒரு பங்கு அந்த அதிர்விலேயே போய்விடும். அதிர்வு பீம் வழியாகத் தூணுக்கும், தூண் வழியாகத் தரைக்கும் இறங்கி, பக்கத்துக் கட்டடத்தைத் தொடும். கான்கிரீட் திடீரென்று பொத்துக்கொண்டால் உளி வெறும் காற்றில் அடிக்கும். இந்த வெற்றடிதான் பிரேக்கரைக் கொல்வது. உள்ளே நீளவாக்கில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெறித்துப்போகும். எல்லாம் முடிந்த பிறகும் கம்பி அப்படியே நிற்கும், உடைந்த கட்டிகள் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை அறுக்கத்தான் கேஸ் கட்டரோடு ஆள் உள்ளே போகிறார். இடிப்பு வேலையில் நான் பார்த்துப் பயந்த காட்சிகள் எல்லாம் பிரேக்கர் நின்ற பிறகு வரும் இந்த அரைமணி நேரத்தில்தான்.

ஜா கட்டரின் பெயரைச் சென்னையில் பலர் முதலில் கேட்டது 2017இல். தியாகராய நகர் உஸ்மான் சாலையில் தீயில் வெந்துபோன ஜவுளிக்கடைக் கட்டடத்தை இடித்தபோது தினமும் செய்தியில் வந்த பெயர் அது. நண்டுக் கொடுக்குபோல் இரண்டு தாடை. அது அடிப்பதில்லை, கவ்வி நசுக்குகிறது. தாடையின் நுனிப் பற்கள் கான்கிரீட்டை நொறுக்கும், தொண்டைப் பகுதியில் இருக்கும் பிளேடு கம்பியை அறுக்கும். நம் பழைய அடுக்ககங்களின் தூணும் பீமும் 230 மி.மீ. அகலம், 300 முதல் 450 மி.மீ. ஆழம் என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். இந்த வகைத் தாடை 700 மி.மீ.க்கு மேல் திறக்கும் என்பதால் தாராளமாகக் கவ்விவிடும். துண்டு துண்டாகக் கடித்து இறக்குவதால் அதிர்வு மிகவும் குறைவு. சத்தமும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் பகல்நேர வரம்பு 55 டெசிபல். பிரேக்கர் வேலை செய்யும் தெருவில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒட்டிய வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருந்தால் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு மீட்டர் தடிமன் பைல் கேப்பைத் தாடையால் கவ்வவே முடியாது. கவ்வாமல் அதன் மேற்பரப்பில் பல்லை வைத்து அழுத்தினால் தாடைதான் கெடும்.

உயரத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு இன்னும் தெளிவு. சாதாரண 20 டன் வண்டியின் கை சுமார் 9.5 மீட்டர் உயரம்தான் எட்டும். தரைத்தளமும் மூன்று மாடியும் சேர்ந்து 12 மீட்டரைத் தாண்டும். எட்டவில்லை என்று கீழே தூணை உடைத்து மொத்தமாகச் சாய்க்கப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது, அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. நீண்ட பூம், அதாவது நீளமான கை, உள்ள வண்டி வர வேண்டும், அல்லது சின்ன இயந்திரமோ கைப் பிரேக்கரோ கொண்டு மேலிருந்து இறங்கி வர வேண்டும். நீண்ட பூமில் பிரேக்கர் மாட்டக் கூடாது, அந்த அதிர்ச்சியை நீளமான கை தாங்காது. ஆக, உயரத்துக்கு ஜா கட்டர்தான்.

வாடகை பேசும்போதே கேட்க வேண்டிய ஒன்று ஹைட்ராலிக் லைன், அதாவது கை நுனிக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய். பிரேக்கருக்கு எண்ணெய் ஒரு திசையில் போய் நேராக டேங்குக்குத் திரும்பினால் போதும். தாடை திறக்கவும் மூடவும் இரு பக்கமும் எண்ணெய் ஓட வேண்டும், தாடை சுழலும் வகை என்றால் அதற்குத் தனி லைன் வேறு. பிரேக்கர் லைன் மட்டும் உள்ள வண்டியை அழைத்துவிட்டு, மறுநாள் ஜா கட்டர் மாட்டித் தருகிறேன் என்று சொன்னால் அது நடக்காது. எடையும் பாருங்கள். கிட்டத்தட்ட 2 டன் எடையை நுனியில் தூக்கிக்கொண்டு, கையை முழுசாக நீட்டி, பக்கவாட்டில் திரும்பினால் வண்டி குடைசாயப் பார்க்கும். அதிலும் இடிபாட்டு மேட்டில் நின்றால் கேட்கவே வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கத்தரிபோல் வெட்டும் ஷியர் இரும்புக்கு மட்டும். தொழிற்சாலைக் கொட்டகை, இரும்புக் கர்டர் என்றால் எடுங்கள், கான்கிரீட்டுக்கு வேண்டாம். பக்கெட்டால் சுவரை இடித்துத் தள்ளுவது நம் ஊர் வழக்கம். சுவர் எந்தப் பக்கம் விழும் என்பது தள்ளுகிறவர் கையில் இல்லை என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

விரல்கள்போல் கவ்விப் பிடித்துத் தூக்கும் கிராப் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. செங்கல் சுவர், தேக்கு உத்தரம், அதன்மேல் நிறுத்தி அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை. அங்கே பிரேக்கரும் வேண்டாம், ஜா கட்டரும் வேண்டாம். மேல்காரையைக் கையால் எடுத்துவிட்டு, கிராப் கொண்டு உத்தரத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கினால் தேக்கு முழுசாகக் கிடைக்கும். இடிப்பவர் உங்களுக்குத் தரும் பணமே அந்த மரத்தையும் கல்லையும் கணக்குப் போட்டுத்தான்.

சரி, அடுக்ககத்துக்கு என் தேர்வு: தரைமட்டம் வரை ஜா கட்டர், அதற்குக் கீழே பிரேக்கர், நடுவில் கம்பியையும் கல்லையும் பிரித்து அடுக்க இரண்டு நாள் கிராப். நீண்ட பூம் வண்டி இல்லையென்றால், ஒரே வண்டியில் மூன்றையும் மாற்ற முடிந்தால் நல்லது. ஜா கட்டர் வாடகை மணிக்கு அதிகம்தான். கேஸ் கட்டர் ஆளும், சிலிண்டரும், பக்கத்து வீட்டு விரிசலுக்குப் பூச்சும் அதில் கழிந்துவிடும்.

வண்டி வந்து நின்றதும் வேலை தொடங்கும் முன் பாருங்கள். தாடையை மூடச் சொல்லி, மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று கவனியுங்கள். பெரிதாக இருந்தால் கம்பி அறுபடாமல் உள்ளே மடங்கி மாட்டிக்கொள்ளும். பிளேடைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். பிரேக்கர் என்றால், உளி தன்னைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான புஷ்ஷுக்குள் லொடலொடவென்று ஆடுகிறதா, கிரீஸ் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி வைக்கிறார்களா என்று பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்.